ஒரு குறையும் இல்லாத வீடு

வீட்டுல ஒரு குறையும் இல்ல. அதான் எனக்குப் பிரச்சன. காலையில அயனாவரத்துல ஆட்டோ ஏறும்போதே முடிவு பண்ணிக்கினுதான் வந்தேன். எத்திராஜு, கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கினு பாரு, எங்கனா ஒரு விரிசல், ஒரு ஓதம், ஒரு கரையான் புத்து, சாக்கடை நாத்தம், ஏதாவது ஒண்ணு ஆப்டும், அதப் புடிச்சிக்கினு "வேணாம்டா சுரேந்தரு, இது நமக்கு ஒத்துவராது"ன்னு சொல்லிட்டு வந்துடலாம்னு. முப்பது வருஷம் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவன்யா நானு. அவ்ளோ கும்பல்லயும் டிக்கெட் எடுக்காதவன் எவன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன். இந்த வீட்டு மூஞ்சியப் பாத்தா, எறங்க வேண்டிய எடத்தச் சொல்லி, சரியான சில்லறைய உள்ளங்கையில வெச்சிக்கினு நிக்கிற ஆளு மாதிரி இருக்குது. செவுத்தத் தட்றேன், கெட்டியா சத்தம் வருது. குழாயத் தொறக்கறேன், பளிச்னு கொட்டுது. ஒரு கை அள்ளி வாயில ஊத்திப் பாத்தேன், உப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, இளநி கணக்கா இருக்குது. அடக் கடவுளே, பட்டாபிராம் தாண்டி இவ்ளோ தூரம் வந்து, தண்ணி கூடவா நல்லா இருக்கணும்? "அப்பா, உங்க மூக்குதான் தெரியுது, கேமராவத் திருப்புங்க"ன்றான் போன்ல சுரேந்தர். பூனாவுல ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுட்டு உக்காந்திருக்கான் எம்புள்ள. திருப்பறேன். செவுரு, சீலிங், ஜன்னல், திரும்பவும் செவுரு. புரோக்கர் ஜெயசீலன் என் தோள்பட்டைக்கு மேல எட்டிப் பாத்து போனுக்குள்ளயே பேசறான். "சார், அந்தப் பெரு மழையில ஊரே மெதந்துச்சு சார், இந்தத் தெருவுல கணுக்கால் நனையல." நனைஞ்சிருக்கக் கூடாதாடா? ஒரு முழங்கால் அளவு தண்ணி வந்திருந்தா உனுக்கு இன்னாடா கொறஞ்சி போயிருக்கும்?

எம்பொண்டாட்டி பூங்காவனம் சோபாவுல உக்காந்திருக்கா. மடியில கைப்பை, கைப்பை மேல ரெண்டு கையும், பல்லு டாக்டர் வீட்டுல உக்காந்திருக்கற மாதிரி. இங்க வர்ற வழியில நாலஞ்சு தபா கேட்டுட்டா, "எங்கங்க போறோம்?" வீடு பாக்கன்னு சொன்னேன். "யாருக்கு?" நமக்குத்தான். "நமக்கு இன்னாத்துக்கு? நம்ம வீடு இன்னா ஆச்சு?" ஆட்டோக்காரன் கண்ணாடியில என்னப் பாத்தான். நான் வெளிய பாத்தேன். போன வருஷம் ஆடி மாசத்துலதான் ஆரம்பிச்சிது. கறிவேப்பில வாங்கினு வரேன்னு போனவ வரல. இஸ்திரி போடற தனபாலு கையப் புடிச்சி இட்டாந்து விட்டான். "அம்மா முக்குல நின்னுக்கினு இருந்தாங்கண்ணே, எந்தப் பக்கம்னு தெரியல போலருக்குது." அவ சிரிச்சிக்கினே "சும்மா நின்னேன்யா, காத்தாட"ன்றா. அப்பால டாக்டரு. என்ன மாசம், என்ன கெழமைன்னு அவரு கேட்டாரு. "ஏன் சார், இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில ஒரு காலண்டர் இல்லையா? என்னக் கேக்கறீங்க?"ன்னு திருப்பிக் கேட்டா பாரு, டாக்டரே சிரிச்சிட்டாரு. சிரிச்சிட்டு, அவள நர்ஸோட வெளிய அனுப்பிட்டு, என்கிட்ட மெதுவா சொன்னாரு. இது ஞாபகத்தத் தின்ற வியாதி, நிறுத்த முடியாது, மெதுவா போற மாதிரி வேணா பாத்துக்கலாம், முக்கியமா ஒண்ணு, எடத்த மாத்தாதீங்க, பழகின வீடு பழகின தெருன்னா இன்னும் கொஞ்ச வருஷம் தானாவே ஓட்டிடுவாங்கன்னாரு. எடத்த மாத்தாதீங்க. அந்த வார்த்தைதான் இப்ப இந்த ஹாலு நடுவுல மொசைக்கா மார்பிளான்னு பாத்துக்கினு நிக்கிறப்ப மண்டைக்குள்ள சுத்திக்கினே கெடக்குது. அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வரும்போது பஸ்ஸுல என் கையப் புடிச்சிக்கினா. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்திச்சி, மக்கு ஒண்ணும் இல்ல அவ. "சுரேந்தருகிட்ட சொல்லக் கூடாது. பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி என்னப் பாவமாப் பாப்பான். எனக்கு அது வேணாம். என் தலமேல கைய வெச்சி சொல்லுங்க." பஸ்ஸுல அத்தினி பேரு பாக்க, தலமேல கைய வெச்சேன். இப்ப பாரு கூத்த. சத்தியம் வாங்கினவ அத மறந்தே போயிட்டா. குடுத்தவன் நான் மாட்டிக்கினு முழிக்கிறேன்.

"தெருவக் காட்டுங்கப்பா"ன்றான் போன்ல சுரேந்தர். வாசலுக்கு வரேன். வீட்டுக்காரம்மா ஹேமாவதி பின்னாடியே வந்து கேட்டத் தொறந்து விடறாங்க, நல்ல மனுஷி, பொண்ணோட போயி இருக்கப் போறாங்களாம், அதான் விக்கறாங்க. போனத் தூக்கிப் புடிச்சிக்கினு இப்படியும் அப்படியும் காட்றேன். அவன் ரோடு எவ்ளோ அகலம்னு பாக்கறான், தெரு லைட்டு இருக்குதான்னு பாக்கறான், மழைத் தண்ணி வடியக் கால்வா இருக்குதான்னு பாக்கறான். எல்லாம் இருக்குதுடா. நான் பாக்கறது வேற. நான் ஆளப் பாக்கறேன். பூங்காவனம் கேட்டத் தொறந்துக்கினு வெளிய போயி, எந்தப் பக்கம்னு தெரியாம நின்னா, எவன் கையப் புடிச்சி இட்டாந்து விடுவான்? அதப் பாக்கறேன். அயனாவரத்துல எங்க தெருவுல தனபாலு இருக்கான். பூக்காரி செல்லாத்தா இருக்கா, எதிர் வீட்டு மாடியில பொழுதன்னைக்கும் பேப்பர் படிக்கற ரிட்டயர்டு வாத்தியார் இருக்காரு, டீக்கடையில வெட்டிப் பேச்சு பேசறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்குது. நான் யாருகிட்டயும் ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனாலும் அத்தினி பேருக்கும் தெரியும். இவ முக்கு திரும்பினா போதும், "அம்மா, வீடு இந்தாண்ட"ன்னு ஒரு குரல் வரும். அந்த ஒரு குரலுதான் எங்க வாழ்க்கைய நடத்துது. இங்க ஒரு ஈ காக்கா இல்ல. வரிசையா வீடு, எல்லாம் ஒரே சாம்பல் கலரு, ஒரே மாதிரி இரும்புக் கேட்டு, ஒரே மாதிரி செவுத்துல பதிச்ச கருங்கல்லு, ஒருத்தனே அச்சுல வார்த்துப் போட்ட மாதிரி. எல்லாக் கேட்லயும் பூட்டு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பாங்க. எனக்கே இப்ப கண்ண மூடி ரெண்டு சுத்து சுத்தி விட்டா எந்த வீட்லேர்ந்து வந்தேன்னு தெரியாது. ஒரு பையன் சாப்பாட்டுப் பைய முதுகுல மாட்டிக்கினு வண்டியில போறான், திரும்பிக் கூடப் பாக்கல. ஒரு நாயி படுத்திருக்குது. அதுவும் என்னப் பாத்துட்டு, சரி யாரோன்னு திரும்பப் படுத்துக்கிச்சி.

மெதுவா ஆரம்பிச்சேன். "தெருவுல ஆளே இல்லயேடா." "அதுதாம்பா இந்த ஏரியாவோட ப்ளஸ்ஸு. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. அங்க நம்ம வீட்டு வாசல்ல விடிஞ்சா சண்ட, ராத்திரி ஆட்டோ சத்தம்." அந்த சண்டையும் சத்தமும்தான்டா உங்கம்மாவ வீட்டுக்கு இட்டாருது. வாயி வரைக்கும் வந்திச்சி. முழுங்கிட்டேன். "கடகண்ணி பக்கத்துல ஒண்ணும் காணோம்." "எல்லாம் வீட்டுக்கே வந்துடும்பா, நான் இங்கேர்ந்தே போன்ல போட்டு விட்டுடுவேன், அம்மா கறிவேப்பிலைக்கெல்லாம் நடக்கவே வேணாம்." "உங்கம்மாவுக்குப் பேச்சுத் தொணை வேணுமில்ல?" "அம்மா எப்பப்பா யார் வீட்டுக்காவது போயிருக்காங்க? தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருக்கறவங்கதானே?" எதச் சொன்னாலும் ஒரு பதில் வெச்சிருக்கான். தப்பாவும் சொல்லல, அதான் கடுப்பு. பாசத்துல சொல்றான். பொறந்ததுலேர்ந்து வாடகை வீட்டுல வளந்த புள்ள, தண்ணி புடிக்க அவங்கம்மா கொடத்தோட வரிசையில நின்னத பாத்த புள்ள, அம்மாவுக்குன்னு சொந்தமா ஒரு வீடு, அம்மா பேர்லயே வாங்கணும்னு படிக்கற காலத்துலேர்ந்து சொல்லிக்கினு இருப்பான். இப்ப கையில காசு வந்த ஒடனே மொத வேலையா வந்து நிக்கிறான். இந்த மாதிரி புள்ளயப் பெத்துட்டு, அவன் வாயில மண்ணப் போட முடியுமா? சரி, வேணாம்னு சொல்றேன்னே வெச்சிக்கோ. அப்பால? அயனாவரம் வீடும்தான் போவுது. வீட்டுக்காரரு வந்து நின்னு தலையச் சொறிஞ்சாரு, "எத்திராஜு, தப்பா நெனக்காத, பசங்க இடிச்சி பிளாட்டு கட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறானுங்க, பொங்கலுக்குள்ள பாத்துக்கோ"ன்னுட்டாரு. அதே தெருவுல பாத்தேன், பக்கத்துத் தெருவுல பாத்தேன். வயசானவங்கன்னா வாடகைக்குக் குடுக்க யோசிக்கிறானுங்க, வீட்டுல எதுனா ஆயிடுமாம். எங்க போனாலும் எடத்த மாத்தித்தான் ஆகணும். இங்க வந்தாலும் அவ தொலைஞ்சி போவா, இங்க வராட்டியும் தொலைஞ்சி போவா. நான் இன்னாதான்யா பண்றது?

உள்ள வந்தேன். அவ அங்கயேதான் உக்காந்திருக்கா, என்னப் பாத்து சிரிச்சா, எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திச்சி. ஹாலச் சுத்தி நாலு கதவு, நாலும் ஒரே காப்பிக் கலரு. எது பாத்ரூமு, எது பெட்ரூமு, எது பூஜை ரூமு? எனக்கே மூணாவது கதவத் தொறந்தப்பதான் பாத்ரூம் ஆப்டுது. அங்க எங்க வீட்டுல பாத்ரூமுக்கு நீலத் தகரக் கதவு, இழுத்தா கிரீச்னு கத்தும், அந்தச் சத்தத்த வெச்சே அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். எத்தினியோ தபா எண்ண போடணும் எண்ண போடணும்னு நெனச்சி போடாம விட்டது நல்லதாப் போச்சி. இங்க கதவெல்லாம் பூனை மாதிரி சத்தமே இல்லாமத் தொறக்குது. பாத்ரூமுல செவுத்துல புடிச்சிக்க ஸ்டீல் கம்பி கூட வெச்சிருக்காங்க. "எங்க மாமியாருக்காகப் போட்டது சார், கடைசி காலத்துல அவங்களுக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு"ன்றாங்க ஹேமாவதியம்மா. "பாருங்கப்பா, அம்மாவுக்காகவே கட்டின மாதிரி இருக்கு"ன்றான் அவன். அப்ப இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமே, வயசானவங்கள வெச்சிப் பாத்தவங்களாச்சே, இவங்ககிட்ட சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சி. யாராவது ஒருத்தருகிட்ட சொன்னா போதும்னு இருக்குது. போனப் பாக்கறேன். சின்னக் கட்டத்துல எம்புள்ள மூஞ்சி, பல்லு பூரா சிரிப்பு. சொன்னா இன்னா பண்ணுவான்? ராத்திரியே பிளேன் ஏறுவான். அழுவான். அப்பால அவன் பொண்டாட்டியோட உக்காந்து பேசுவான், இந்த மாதிரி ஆளுங்களப் பாத்துக்கறதுக்குன்னே எடம் இருக்குதுப்பா, நல்லா பாத்துக்கறாங்க, வாரா வாரம் போயிப் பாக்கலாம்னு. கெட்ட எண்ணத்துல சொல்ல மாட்டான். ஆனா சொல்லுவான். அப்ப பூங்காவனம் அங்க, நான் இங்க. அவளுக்கு என்னயும் மறந்து போற வரைக்கும் வாரா வாரம். அதுக்கு இதுவே தேவல. தேவலயா? நான் மொதல்ல போயிட்டா? இந்த வீட்டுல, இந்த மாதிரி ஒரு தெருவுல, நான் ஒரு நாள் சோபாவுல உக்காந்த மேனிக்கே போயிட்டா, இவ பக்கத்துல உக்காந்துக்கினு நான் தூங்கறேன்னு நெனச்சிக்கினே இருப்பா. சீ, இன்னா நெனப்பு இது, வந்த எடத்துல.

"மாடியப் பாத்துட்டு வந்துடலாம் சார்"ன்றான் ஜெயசீலன். கீழயே போதும்பா, மாடி இன்னாத்துக்குன்னேன். "மாடியப் பாக்காம எப்படிப்பா?"ன்றான் போன்ல சுரேந்தர். மாடிக் கதவுப் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும், தானே வந்து தொறந்து விடறேன்னு ஹேமாவதியம்மா கெளம்பிட்டாங்க. "அக்கா, நீங்க முட்டி வலியோட ஏறாதீங்க, உக்காருங்க, அஞ்சு நிமிஷத்துல வந்து காபி போடறேன்." முட்டி வலின்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன், வேற இன்னா சொல்றது? பூங்காவனம் தலைய ஆட்டினா. நான் அவ பக்கத்துல போயி குனிஞ்சி, "இங்கயே இரு, இன்னா? எங்கயும் போகாத, இதோ வந்துட்டேன்"னேன். "நான் எங்கங்க போகப் போறேன்?"ன்றா. வாசக் கேட்டுக் கொக்கிய ஒரு தபா ஓடிப் போயி பாத்துட்டு வந்துதான் படி ஏறினேன். மாடியில நிக்கிறேன், காத்து பிச்சிக்கினு அடிக்குது, பூட்டுக்குப் பக்கத்துல அந்தம்மா சாவிய எண்ணிக்கினு நிக்கிறாங்க, இவன் "நாலு பக்கமும் காட்டுங்கப்பா"ன்றான். காட்றேன். மொட்ட மாடி, கறுப்பு டாங்கு, மொட்ட மாடி, கறுப்பு டாங்கு, அதுக்கு அந்தாண்ட ஏரி மாதிரி ஒண்ணு. ஏரியப் பாத்ததும் கீழ இருக்கறவ நெனப்புதான் வந்திச்சி. ஜெயசீலன் அதுக்கும் ஏதோ பெருமையா சொல்லிக்கினு இருக்கான், காதுல ஏறல. கீழ கேட்டு சத்தம் கேட்டுதா? எட்டிப் பாத்தேன். கேட்டு மூடித்தான் இருக்குது. மூடி இருந்தா? போனவளே மூடிட்டுப் போயிருந்தா? அவ எப்பவும் கேட்ட மூடிட்டுத்தான் போவா, ஒழுங்கா வளந்தவ. தெருவுல அந்த நாயி மட்டும் எழுந்து நிக்குது, எதையோ பாத்துக்கினு. எதப் பாக்குது? எந்தப் பக்கம்? "அப்பா, போன் ஆடுது." இருடா. "அப்பா, அந்தப் பக்கம் இன்னொரு தடவ காட்டுங்க." இருடான்னேன்ல! குரல் ஒசந்திடுச்சி. ஜெயசீலன் திரும்பிப் பாத்தான். வெயிலுன்னு சொல்லி நெத்தியத் தொடச்சிக்கினு, அந்தம்மாவத் தாண்டி, படியில ரெண்டு ரெண்டா எறங்கறேன். அறுபத்தேழு வயசுல எறங்கற எறக்கமா இது?

சோபா காலி. கைப்பை மட்டும் கெடக்குது. பூங்கான்னு கத்த வாயத் தொறக்கறேன். அப்ப சமையக்கட்டுலேர்ந்து ஒரு சத்தம், சொய்ங்னு. தீஞ்ச பால் வாசனை. ஓடறேன். அடுப்பாண்ட நிக்கிறா. முந்தானைய இழுத்து இடுப்புல சொருகிக்கினு, கைப்புடித் துணியால பாத்திரத்தத் தூக்கிப் புடிச்சிக்கினு, பொங்கி அடுப்பு பூரா வழிஞ்ச பால இன்னொரு கையால தொடைக்கறா. பிரிட்ஜத் தொறந்து பால எடுத்திருக்கா, டிகாஷனக் கண்டுபுடிச்சிருக்கா, டம்ளர வரிசையா வெச்சிருக்கா, யார் வீட்டுல இருக்கோம்னு ஒரு சந்தேகமும் அவ மூஞ்சியில இல்ல. எத்தினியோ மாசத்துக்கு அப்பால அந்த மூஞ்சிய அப்படித் தெளிவாப் பாக்கறேன். எனக்குப் பின்னாடி அந்தம்மாவும் புரோக்கரும் வந்து நின்னுட்டாங்க. செத்தோம், தெரிஞ்சிபோச்சின்னு நெனச்சேன். தெரியட்டும்னும் நெனச்சேன். ஜெயசீலன் ரெண்டு கையயும் தட்டினான். "சார், பால் பொங்கிடுச்சு சார்! பத்திரம் முடிக்கறதுக்கு முன்னாடியே மகாலட்சுமி மாதிரி அம்மா பால் காச்சிட்டாங்க சார்! இதுக்கு மேல என்ன சார் சகுனம்?" ஹேமாவதியம்மாவுக்குக் கண்ணு தளும்பிடுச்சி. "மேடையில பால் பொங்கி வழியறதப் பாத்தா மனசு நெறஞ்சு போச்சுக்கா. இந்த வீடு யார் கையில போவுமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாம இருந்தேன். இனிமே இது உங்க வீடு." "அப்பா, என்னாச்சு, காட்டுங்க, காட்டுங்க"ன்னு போனுக்குள்ள அவன் குதிக்கறான். காட்டினேன். என் கையாலயே காட்டினேன். "அம்மா! வீடு புடிச்சிருக்காம்மா?" அவ போனப் பாத்து சிரிக்கறா. "ஏன்டா, என் வீடு எனக்குப் புடிக்காம எப்படிடா இருக்கும்? நீ எப்ப வர?" எல்லாரும் சிரிக்கறாங்க. சுரேந்தர் கண்ணாடியக் கழட்டிட்டுக் கண்ணத் தொடைக்கறான். எனக்கும் வந்திடுச்சி, அடக்கிப் பாத்தேன், முடியல. "அப்பாவுக்கே தாங்கல பாருங்க சார்"ன்றான் ஜெயசீலன், என் முதுகத் தடவிக் குடுத்துக்கினே.

சொல்லிடு எத்திராஜு. இப்ப சொல்லலன்னா எப்ப? ஒரே ஒரு வார்த்த. டேய், உங்கம்மா வீட்டப் பாத்து சொல்லலடா, அவளுக்கு எந்த வீடுன்னே தெரியலடா. வாயத் தொறந்தேன். இத்தினி பேரு சந்தோஷமா நிக்கிறாங்க. அவளும் சந்தோஷமா நிக்கிறா. இந்த மூஞ்சிய, இந்தத் தெளிவ, இத்தினி பேரு நடுவுல எப்படிப் போட்டு ஒடைக்கறது? அவ எல்லாரையும் ஹாலுல போயி உக்காருங்கன்னு சொல்லிட்டு, தட்டுல காபி டம்ளருங்கள வெச்சி எடுத்தாந்தா. மொதல்ல அந்தம்மாவுக்கு. "கூச்சப்படாம குடிங்கம்மா, சக்கர போதுமா பாருங்க." அந்தம்மா அவங்க வீட்டு சோபாவுலயே விருந்தாளி மாதிரி ஓரமா உக்காந்து, சிரிச்சிக்கினே வாங்கிக்கினாங்க. அப்பால ஜெயசீலனுக்கு. கடைசியா எனக்கு. டம்ளர என் கையில குடுக்கற சாக்குல குனிஞ்சி, என் காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி, "ஏங்க, இவங்கல்லாம் யாரு? ரொம்ப நேரமா நம்ம வீட்டுல உக்காந்திருக்காங்க. எப்பங்க கெளம்புவாங்க?"ன்னா. "குடிச்சிட்டுக் கெளம்பிடுவாங்க"ன்னேன். போனுக்குள்ளேர்ந்து சுரேந்தர், "அம்மா என்னப்பா சொல்றாங்க காதுல?"ன்னு கேக்கறான்.

"வீடு ரொம்பப் புடிச்சிருக்குதாம்டா"ன்னு சொன்னேன்.